கல்விசார் முழுமைவாதம்

கல்விசார் முழுமைவாதம் என்பது, எட்டுவதற்கு அரிய இலக்குகளைத் தனக்கு விதித்துக்கொண்டு, அவற்றில் சிறு குறை நேர்ந்தாலும் தன்னைத் தோற்றவராகவே கருதும் மனப்போக்கு. இது தனியொரு மனநோயாக வகைப்படுத்தப்படவில்லை. ஆயினும் பதற்றம், மனச்சோர்வு, உணவுப் பழக்கக் கோளாறுகள் ஆகியவற்றோடு தொடர்புடையது.

கூறுகளும் வகைகளும்

1990இல் ராண்டி ஃப்ராஸ்ட் குழுவினர் வெளியிட்ட அளவுகோல் முழுமைவாதத்தில் ஆறு கூறுகளைக் காட்டியது: பிழை பற்றிய அச்சம், செய்த வேலையில் ஐயம், சொந்த இலக்குகள், பெற்றோரின் எதிர்பார்ப்பு, பெற்றோரின் குறைகூறல், ஒழுங்கு. இவற்றுள் ஒழுங்குக்கு மற்ற ஐந்தோடும் நெருங்கிய தொடர்பில்லை. 1991இல் பால் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் இருவரும் முழுமைவாதத்தைத் தன்மீது விதிப்பது, பிறர்மீது விதிப்பது, பிறர் தன்மீது விதிப்பதாக உணர்வது என மூன்றாகப் பிரித்தனர். இவற்றில் மூன்றாவதே மனநலத்துக்கு மிகுந்த தீங்கானது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மாணவர்களிடையே 1989 முதல் 2016 வரை மூன்று வகைகளும் கூடியதாகவும், மூன்றாவது மற்ற இரண்டையும்விட வேகமாகக் கூடியதாகவும் தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் ஆகியோரின் ஆய்வு கண்டது.

அளவுமீறிய திட்டமிடல்

விடியற்காலை நான்கு மணி முதல் இரவு பதினொன்று வரை அரை மணிக்கு ஒரு பாடமாக, வண்ணப் பேனாக்களால் கட்டம் போட்டு அட்டவணை எழுதுவது முழுமைவாதப் போக்குடைய மாணவர்களிடம் காணப்படும் பழக்கம். அதில் காய்ச்சலுக்கோ, விருந்தாளிக்கோ, புரியாத கணக்குக்கோ இடமிருக்காது. ஒரு கட்டம் தவறினால் அன்றைய நாளே வீணானதாகத் தோன்றும். படிப்பதை விட்டுவிட்டுப் புதிய அட்டவணை போடத் தொடங்குவர்.

வேலைக்கான காலத்தைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. இதை 1979இல் டேனியல் கானமன், ஆமாஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் விளக்கினர். ரோஜர் பூலர் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாட்களில் முடிப்போம் என்ற மாணவர்களுக்கு 55 நாட்களுக்கு மேல் ஆனது. எல்லாமே தடைப்பட்டால் ஆகும் என அவர்கள் கணித்த 49 நாட்களும் போதவில்லை. எனவே அட்டவணை பிசகுவதைச் சோம்பலின் அடையாளமாகக் கொள்வது தவறு.

தணிக்கும் வழிகள்

முன்பு இதே வேலைக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பார்த்து நேரம் ஒதுக்குவதும், வாரத்தில் சில வேளைகளைக் காலியாக விடுவதும் நெருக்கடியைக் குறைக்கும். தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் ஆலோசனை தேவை; அறிதல் நடத்தைச் சிகிச்சை முழுமைவாதத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெற்றோரும் ஆசிரியரும் மதிப்பெண்ணைக் கேட்கும் முன் பிள்ளையின் நலத்தைக் கேட்க வேண்டும். உயர்ந்த இலக்கும் ஒழுங்கான திட்டமும் மாணவருக்குத் துணையே. பிழைக்கு அஞ்சி வாழும் நிலைதான் மாற வேண்டும்.