ஒரே லயத்தில் இரண்டு கட்சி

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார். மலாயாவின் மலைத் தோட்டங்களில் தேயிலையும் சுயமரியாதைப் பேச்சும் ஏறக்குறைய ஒன்றாகவே வேர் பிடித்தன. தேயிலையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கூடவே வளர்ந்த ஆத்திக நாத்திகச் சண்டையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நான் ஹாபு பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டத் தமிழ்ப் பள்ளியிலேயே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தச் சண்டை நடந்த வீட்டில் வளர்ந்தவள்.

பெரியார் வருகிறார் என்று தெரிந்ததுமே அவரை உள்ளே விடக்கூடாது என்று வைதிகர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். அவர் ஈப்போவில் தமிழர் மாநாட்டில் பேசினார், சிங்கப்பூர் வரைக்கும் போனார். விட்டுப்போன விதை வீண்போகவில்லை. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். அலகுக் காவடி வேண்டுமா, தீமிதி வேண்டுமா, ஆடு கோழி வெட்ட வேண்டுமா, ஐயர் இல்லாமல் கல்யாணம் செல்லுமா என்ற கேள்விகள் பத்திரிகை வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தன. ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். வாசித்து முடித்ததும் வாக்குவாதம் தொடங்கும்.

தோட்டத்தில் கோயில் என்பது சாமி கும்பிடும் இடம் மட்டுமல்ல. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள், தங்களுக்கென்று முதலில் கட்டிக்கொண்டது மாரியம்மன் கோயிலைத்தான். குடியிருந்த லயம் துரையுடையது, தேயிலை துரையுடையது, நிறுவைத் தராசும் துரையுடையதே. கோயில் மட்டும்தான் நம்முடையது. கல்யாணப் பேச்சு, பஞ்சாயத்து, கருமாதிக்குப் பண வசூல் எல்லாம் அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் நின்று ஒருவன் ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்றால், அது அவனுடைய சொந்த விஷயமாக எப்படி நிற்கும்?

என் அப்பா கோயில் கமிட்டியில் இருந்தவர். திருவிழாவில் கரகம் எடுப்பவர். அவருடைய தம்பி, என் சித்தப்பா, பெரியார் கழகத்துக்காரர். இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அப்பா சாயங்காலம் விளக்கேற்றித் தேவாரம் பாடுவார். அந்தப் பக்கம் சித்தப்பா ‘விடுதலை’யை உரக்க வாசிப்பார். இடையில் அகப்பட்ட எங்களுக்கு இரண்டும் மனப்பாடம்.

சித்தப்பா பிறவி நாத்திகர் இல்லை. வாலிப வயதில் விரதமிருந்து பால் காவடி எடுத்தவர். அவருடன் அதே விரதமிருந்து காவடி எடுத்த கூட்டாளி அடுத்த லயத்துக்காரர், ‘அந்தப் பக்கத்து’ ஆள். கீழே ஒரு பட்டணத்துக் கோயிலில் இருவரும் காவடியோடு போய் நின்றபோது, கூட்டாளியை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் மலாயாவின் சில கோயில்களில் ஆதிதிராவிடருக்கு உள்ளே இடமில்லை. அப்போது சித்தப்பாவும் உள்ளே போகாமல் திரும்பிவிட்டார். “அண்ணே, முருகன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் வாசல்ல காவல் நிக்கிறவங்க மேலதான்” என்று அப்பாவிடம் சொல்வார். “அப்படின்னா காவல்காரனைத் திருத்துடா, சாமிய ஏண்டா வையுற?” என்பார் அப்பா. இந்த இரண்டு வரிகளைச் சுற்றித்தான் இருபது, முப்பது வருட வாதம் நடந்தது.

நம்பிக்கையை விட்டவர்கள் அத்தோடு சும்மா இருக்கக் கூடாதா, ஏன் ஓயாமல் அதையே பேசுகிறார்கள் என்று நம்பிக்கையாளர்கள் கேட்பதுண்டு. எங்கள் தோட்டத்தில் அதற்குப் பதில் கண்முன்னே இருந்தது. சித்தப்பா சாமியை விட்டாரே தவிர, லயத்தை விடவில்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு ஒன்று, சுடுகாடு ஒன்று. கோயில் வரிக்கு அவர் சம்பளத்திலும் பிடித்தம் நடந்தது. அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடினால், ‘கோயிலுக்கு வராத வீடா?’ என்று கேட்டார்கள். விலகிப்போக இடமில்லாதவன் பேசித்தான் ஆகவேண்டும்.

அப்பாவுக்கும் பேசாமல் இருக்க வழியில்லை. வேற்று மதத்தான் ஒருவன் மாரியம்மனைப் பழித்தால் ஒதுங்கிப் போய்விடலாம். காவடி எடுத்த தோள், விரதத்தின் சட்டதிட்டம் அறிந்தவன், அதுவும் கூடப்பிறந்தவன், ‘இது வேண்டாம்’ என்று சொல்லும்போது ஒதுங்க முடியாது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காவது பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகவே அப்பா, அதுவரை காதால் மட்டும் கேட்டிருந்த பெரிய புராணத்தை வாங்கிவந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

போக்கும் வரவும் இரண்டு பக்கமும் நடந்தது. 1952இல் வந்த ‘பராசக்தி’ படத்தில் கோயில் பூசாரியை எதிர்த்துக் கதாநாயகன் பேசும் வசனம் சித்தப்பா கட்சிக்குப் பெரிய பலம். பிறகு, திராவிட இயக்க மேடைகளில் நாத்திகம் பேசிய கண்ணதாசனே ஆத்திகராகி ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதினார். அது வந்த காலத்தில் அப்பா செய்த முதல் வேலை, அதை வாங்கிச் சித்தப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசித்ததுதான். சித்தப்பா எழுந்து போகவில்லை. பக்கத்துக்குப் பக்கம் மறுப்புச் சொன்னார். தமிழ்நாட்டில் மடத் தலைவரான குன்றக்குடி அடிகளார் பெரியாரை எதிர்த்து மேடையேறியவர். பின்னாளில் இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். மடத்தில் கொடுத்த திருநீற்றைப் பெரியார் மரியாதைக்காக ஏற்றுக்கொண்டார். அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் தத்தம் வெற்றி என்றே சொல்லிக்கொண்டன.

விட்டுப்போனவரும் இருப்பவரும் ஓயாமல் வாதிடுவது தமிழனுக்கு மட்டும் உரிய குணமும் இல்லை. அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் 1830இல் தொடங்கிய மார்மன் சபை இருக்கிறது. 1833இல் அவர் அறிவித்த உணவு நெறியின்படி அந்தச் சபையினர் தேநீரும் காப்பியும் தொடமாட்டார்கள். கொழுந்து பறித்துப் பிழைத்த எங்களுக்கு அது வியப்பான விரதம். அவர்கள் பெருமளவில் வாழும் யூட்டாவில், சபையை விட்டவர்களுக்கும் சபையில் இருப்பவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாக வாதம் நடக்கிறது. சபையின் இரண்டாம் தலைவர் பிரிகம் யங்கின் வம்சத்தில் வந்த சாண்ட்ரா டானர், கணவர் ஜெரால்டுடன் சேர்ந்து சபையை விட்டு வெளியேறி, அதன் பழைய ஏடுகளைத் தேடி அச்சிடுவதிலும் விமர்சிப்பதிலும் வாழ்நாளையே செலவிட்டார். வெளியேறியவர் ஏன் அதையே கட்டி அழுகிறார் என்று அங்கேயும் கேட்கிறார்கள். பாட்டன் கதையும், தாய் வீட்டு உறவும், செத்தவர்களைப் புதைத்த மண்ணும் அந்த மதத்துக்குள்ளேயே கிடக்கும்போது, ஒரு மனுஷி வேறு எதைப் பற்றிப் பேசுவாள்? சித்தப்பாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது.

சித்தப்பாவின் கல்யாணம் பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. ஐயரும் இல்லை, ஓமமும் இல்லை. மாலை மாற்றி, தலைவர் ஒருவர் திருக்குறள் சொல்லி வாழ்த்தினார். பாட்டி ஒரே நிபந்தனை போட்டார்: தாலி கட்ட வேண்டும். கட்டினார். பிற்பாடு சித்தி வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைத்தார். அதே சுவரில் பெரியார் படமும் இருந்தது. சித்தப்பா விளக்கை அணைத்ததும் இல்லை, வணங்கியதும் இல்லை.

ஒரு சமயம் எங்கள் கோயில் நிற்கும் நிலத்தைக் கேட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. கமிட்டி கூடியது. ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவர் தோட்டத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் கிராணி, அவர் வேலைக்குப் பயந்தார். இன்னொருவர் சித்தப்பா. அப்பா போய்க் கேட்பதற்குத் தயங்கிக்கொண்டிருக்க, அவரே காகிதமும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். எந்த வருடம் கட்டியது, யார் யார் கூலியில் கட்டியது, எத்தனை குடும்பம் கும்பிடுகிறது என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்ததும், “இங்க ஆடு வெட்டுறத நிறுத்துறோம்னு ஒரு வரி சேர்க்கட்டுமா?” என்று கேட்டார். அன்றிரவு அதற்கே தனிச் சண்டை. கோயில் தப்பியது. சில வருடம் கழித்து ஆடு வெட்டுவதும் நின்றது.

இன்று மலேசிய இந்து சங்கமே உயிர்ப்பலியை ஏற்பதில்லை. பொங்கல் விழாவை இரண்டு தரப்பும் கொண்டாடுகிறது. நாத்திகர் கேட்டதைப் பக்தர் பாதி செய்துவிட்டார். பக்தர் காத்த கோயிலின் நிழலில் நாத்திகரும் தமிழ் படித்தார். தோட்டப் பிள்ளைகள் புத்தகம் வாங்கியது, கூட்டத்தில் எழுந்து பேசப் பழகியது, துரையிடம் நேருக்கு நேர் நின்று கேட்டது எல்லாவற்றுக்கும் அந்தத் திண்ணைச் சண்டையே பள்ளிக்கூடம். இதை நான் நன்றியோடு சொல்கிறேன்.

இப்போது கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளத்திலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். வாதம் மட்டும் அவர்களோடு கூடவே போயிருக்கிறது. ஆனால் இப்போது ஒரு சுவர் தாண்டினால் அண்ணன் வீடு என்ற நிலை இல்லை. கோபம் வந்தால் உறவையே அறுத்துக்கொள்வது சுலபமாகிவிட்டது. அந்தச் சுலபத்துக்குத்தான் நான் அஞ்சுகிறேன்.

நம்பிக்கை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: விட்டுப்போனவரைத் துரோகி என்று சொல்லாதீர்கள், அவர் ஏன் போனார் என்று கேளுங்கள். விட்டுவந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: இருப்பவரை முட்டாள் என்று சொல்லாதீர்கள், அந்தக் கோயிலை யார் கூலியில் கட்டினார்கள் என்று படியுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் இரு கட்சிக்காரரும் உயிரோடு இருந்தால், இந்த ஆண்டு முடிவதற்குள் அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வையுங்கள். மலாயாத் தமிழன் எப்படிச் சிந்திக்கக் கற்றான் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் நம்மிடம் இல்லை.