கித்துல்கலவில் பெய்த மழை

போன மாசம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கும்போது, பக்கத்துத் தெரு பெரியவர் ஒருவரிடம் பாலு மகேந்திராவைப் பற்றிப் பேசிக்கொண்டு போனேன். அவர் சினிமாவுக்கு வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படப்பிடிப்பு. லீன் மழை வேண்டும் என்று சத்தம் கொடுக்கிறார், மழை கொட்டுகிறது. கடவுளைப் போல மழையை வரவழைக்கிற ஆளாக நானும் ஆகணும் என்று அந்தப் பையன் முடிவு செய்தானாம். அவரே பல பேட்டிகளில் சொன்ன நினைவு இது.

வீட்டுக்கு வந்து தேதிகளைச் சரிபார்த்தேன் (என் கெட்ட பழக்கம்). பல குறிப்புகளில் அப்போது அவருக்கு 13 வயது என்று இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிட்டிஷ் படக்குழு இலங்கையில் வேலை செய்தது 1956 கடைசியிலும் 1957 தொடக்கத்திலும். அவர் பிறந்தது மட்டக்களப்பு அமிர்தகழியில், 1939இல் என்றால், வயது 17 ஆகிறது. அதனால் கதையே பொய் என்று நான் சொல்லமாட்டேன். நினைவு வருஷத்தை விட்டுவிடும், மழையை விடாது.

அந்த மழை எப்படி வந்திருக்கும்? இதில் மாயம் எதுவும் இல்லை. பம்பு வைத்துத் தண்ணீரை உயரத்துக்கு ஏற்றி, துளை போட்ட குழாய் வழியாகக் கொட்டவிடுவார்கள். ஆனால் முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் தாரை படத்தில் சரியாகத் தெரியாது. பின்னாலிருந்து அடித்தால்தான் பளிச்சென்று தெரியும். மழையைப் பார்த்து மயங்கிய பையன் பிற்பாடு புனே திரைப்படக் கல்லூரியில் படித்தது ஒளிப்பதிவு. ‘மூன்றாம் பிறை’க்குத் தேசிய விருது வாங்கியதும் அதற்குத்தான்.

கடவுள் வேலையிலும் சறுக்கல் உண்டு. கித்துல்கலவில் களனி ஆற்றின் மேல் கட்டிய பாலத்தைத் தகர்க்கும் நாளில், ஒரு கேமராக்காரர் பத்திரமாக ஒதுங்கிவிட்டார் என்ற சைகை வரவில்லை. வெடியை நிறுத்திவிட்டார்கள். ரயில் மட்டும் பாலத்தைத் தாண்டி ஓடி, அந்தப் பக்கம் இருந்த ஜெனரேட்டரில் போய் மோதியது. மறுநாள்தான் பாலம் வெடித்தது. படம் 7 ஆஸ்கர் வாங்கியது. ஜாக் ஹில்டியார்டின் ஒளிப்பதிவும் அதில் ஒன்று.

இதையெல்லாம் அடுத்த நாள் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர் நடுவில் நிறுத்தினார். “அது சயாம் ரயில் கதைதானே தம்பி? எங்க பெரியப்பா மலாயா தோட்டத்துலேர்ந்து அதுக்குத்தான் போனாரு. திரும்பி வரல. அந்தப் படத்துல நம்ம ஆளுங்க வர்றாங்களா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஜப்பானியர் 1942–43இல் போட்ட அந்தப் பாதை 415 கிலோமீட்டர். உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ அதைப்போல மூன்று மடங்கு. அவர்களில் சுமார் 90,000 பேர் காலராவிலும் பட்டினியிலும் மடிந்ததாகப் பரவலான மதிப்பீடு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அதில் பெரும்பங்கு. படத்தில் பாலத்தைக் கட்டுவது பிரிட்டிஷ் சிப்பாய்கள். பியர் பூல் எழுதிய நாவலே கைதிகளைப் பற்றியது, படம் அதைத் தாண்டவில்லை என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. ஒரு தமிழ்ப் பையனை இயக்குநராக்கிய படத்தில், அந்த ரயிலுக்காகச் செத்த தமிழர்களுக்கு இடமில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து படத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன். காலையில் பெரியவரிடம், “இல்லீங்க ஐயா, யாரும் வரல” என்றேன். தலையாட்டிவிட்டு நடந்தார். அவர் பெரியப்பா எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று இன்னும் கேட்கவில்லை. இந்த வாரம் கேட்டு எழுதிவைக்கணும். அவருக்கு வயது 84.