ஆர்கன் துருத்தியிலிருந்து சதுர மானிட்டர் வரை

என் ரூம்ல இப்போ நாலு பழைய மானிட்டர் இருக்கு. எல்லாமே அந்தக் காலத்துச் சதுர மானிட்டர், 1280-க்கு 1024. ஒரு ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது. பின்பக்கம் அசெட் நம்பர் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கு. அதுங்களுக்கு முன்னாடி ஒரு பிளைவுட் பலகை, பலகையில சதுரமா வெட்டின ஓட்டைகள். லைட்டை அணைச்சுட்டு உட்கார்ந்தா போயிங் 737 காக்பிட். லைட்டைப் போட்டா, என் ஃப்ரெண்ட் ஒருத்தன் சொன்ன மாதிரி, காயலான் கடை.

காயலான் கடைன்னு சொன்னது கூடப் பரவாயில்ல. “இது வெறும் பொம்மைதானே?”ன்னு கேட்டான் பாருங்க, அது மண்டைக்குள்ள நின்னுடுச்சு. ஏன்னா எட்வின் லிங்க் செஞ்ச சிமுலேட்டரையும் முதல்ல பொம்மையாத்தான் பார்த்தாங்க. அதுவும் வேற வேலைக்குச் செஞ்ச சாமான்களை வெச்சுக் கட்டினதுதான்.

நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்று ஒரு ஊர். லிங்கின் அப்பா அங்கே பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். 1920-ல் லிங்க் காசு கொடுத்து முதல் பறக்கும் பாடத்துக்குப் போகிறார். ஓட்டியவர் வானத்தில் வித்தையெல்லாம் காட்டினாரே தவிர, இவரை ஸ்டிக்கைத் தொடவே விடவில்லை. அப்போ பறக்கக் கத்துக்கணும்னா ஒண்ணு நிறைய பணம் இருக்கணும், இல்ல யாராவது மனசு வைக்கணும்.

லிங்க் கையில் இருந்தது ஆர்கன் தொழிற்சாலையின் அடித்தளம். ஆர்கனுக்குக் காற்று கொடுக்கும் துருத்திகளை எடுத்து ஒரு சின்ன மரப்பெட்டிக்கு அடியில் வைத்தார். ஸ்டிக்கை அசைத்தால் வால்வு திறக்கும், ஒரு துருத்தி சுருங்கும், இன்னொன்று விரியும், பெட்டி சாயும். காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். வாங்கியது யார் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்கள். காசு போட்டு ஆடும் ராட்டினம் மாதிரி!

அதை மாத்தினது சாவு. 1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனியார் விமான அஞ்சல் ஒப்பந்தங்களை ரத்து செய்து, தபால் கொண்டுபோகும் வேலையை ராணுவத்திடம் கொடுத்தது. குளிர்காலம், இரவு, பனிமூட்டம். அந்த பைலட்டுகளில் பலருக்கு வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி போதவில்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேகத்துக்குள்ள போனா உங்க காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் ஒரு பக்கமா சாய்ஞ்சு இறங்கிட்டு இருக்கும், உங்களுக்கு நேரா போற மாதிரியே இருக்கும். உடம்பை நம்பாம முள்ளை நம்பணும். இந்தப் பழக்கத்தை நிஜ விமானத்துல தப்பு பண்ணிக் கத்துக்க முடியாது.

அப்போதான் ராணுவம் லிங்கைத் தேடி வந்தது, 6 பெட்டிகள் வாங்கியது. நீல வண்ணப் பெட்டி, கட்டை இறக்கைகள், மேலே ஒரு மூடி. மூடியைச் சாத்தினால் உள்ளே கருவிகள் மட்டும்தான் தெரியும். வெளியே பயிற்றுநர் மேசையில், சக்கரம் வைத்த ஒரு சின்னப் பொறி, மாணவர் ‘பறக்கும்’ பாதையை வரைபடத்தில் மையால் கோடிழுத்துக்கொண்டே போகும். அதற்குப் பெயர் நண்டு. (எனக்கு அந்த மரப்பெட்டியை விட இந்த நண்டு மேலதான் ஆசை.) இரண்டாம் உலகப் போருக்குள் லட்சக்கணக்கான பைலட்டுகள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து எழுந்தார்கள்.

இதுல திரை எங்கேன்னு கேப்பீங்க. லிங்கோட பெட்டியில திரையே கிடையாது. திரையோட கதை, போர் நடந்துட்டு இருக்கும்போதே வேற ஒரு இடத்துல ஆரம்பிக்குது. 1944-ல் அமெரிக்கக் கடற்படை எம்.ஐ.டி-யிடம் ஒரு சிமுலேட்டர் கேட்டது. ஒரே பெட்டி, எந்த விமானத்தைப் போலவும் நடந்துகொள்ள வேண்டும். பொறுப்பு ஜே ஃபாரஸ்டரிடம் வந்தது. அனலாக் கருவிகளால் இது ஆகாது, டிஜிட்டல் கணினிதான் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். பைலட் ஸ்டிக்கை அசைத்த உடனே பதில் வர வேண்டுமே, அதனால் அந்தக் கணினி காத்திருக்க வைக்கக் கூடாது. நாம இன்னைக்கு ‘ரியல் டைம்’னு சொல்றோமே, அந்தத் தேவை இங்க ஒரு காக்பிட்டுக்காக வந்தது.

அந்தக் கணினிதான் வேர்ல்விண்ட். வேடிக்கை என்னன்னா, கணினி வளர வளர சிமுலேட்டரைக் கழட்டி விட்டுட்டாங்க! 1951-ல் அது ஓடத் தொடங்கியபோது காக்பிட் இல்லை. அதற்குப் பதிலாக சி.ஆர்.டி. திரை இருந்தது. அந்த வழியில்தான், ரேடார் தகவலைத் திரையில் பார்த்து, ஒளித்துப்பாக்கியால் ஒரு புள்ளியைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் வான்பாதுகாப்பு அமைப்பு வந்தது. கணினித் திரைக்கு இன்னும் பல மூதாதையர் உண்டு. ஆனால் அதில் ஒரு கிளை நிச்சயமாகச் சிமுலேட்டர் வேலையிலிருந்து பிரிந்தது. அதனால என் ரூம்ல இருக்கிற கழிவு மானிட்டரை நான் காக்பிட்டுக்குக் கடத்திட்டு வரல, அது பழைய சொந்தக்காரங்க வீட்டுக்குத்தான் வந்திருக்குன்னு என் ஃப்ரெண்ட்கிட்ட வாதாடினேன். அவன் ஒத்துக்கல.

அப்புறம் வேகமா நடந்தது. புரூஸ் ஆர்ட்விக்கின் சிமுலேட்டர் ஆப்பிள் 2-ல் வந்தது; 1982-ல் மைக்ரோசாஃப்ட் பதிப்பு வந்தது. அதே 1982-ல் போயிங் 767 பயணிகளை ஏற்றத் தொடங்கியது, காக்பிட்டில் முள் கருவிகள் பலவற்றுக்குப் பதிலாக சி.ஆர்.டி. திரைகளோடு. 1990-களில் 777-லும் புதிய தலைமுறை 737-லும் எல்.சி.டி. அதாவது நிஜ விமானமே மானிட்டர் மாதிரி ஆயிடுச்சு. வீட்ல காக்பிட் கட்டுறவங்களுக்கு இதுதான் லாட்டரி. முன்னாடின்னா ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு மோட்டார் வேணும். இப்போ படம் வந்தா போதும்.

737-ன் அந்தத் திரைகள் சுமார் 8 அங்குலச் சதுரங்கள். விளிம்பைக் கழித்துவிட்டால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் ஒரு 19 அங்குலச் சதுர மானிட்டருக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். மானிட்டருக்கு முன்னால் பலகை, பலகையில் இரண்டு ஓட்டை, சாஃப்ட்வேரில் கருவிகளைத் தனி விண்டோவாகப் பிரித்து அங்கே இழுத்து வைத்தால் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டிக் சட்டத்தைக் கழட்டும்போது பின்விளக்கு சர்க்யூட்டில் கை வைக்காதீங்க. பழைய மானிட்டர்கள்ல அங்க நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும், குழல்ல பாதரசமும் இருக்கு.

இதுல பறக்கிற மணிநேரம் எந்த லைசென்ஸுக்கும் கணக்குல வராது, அதுவும் உண்மை. போன வாரம் அவனையே உட்கார வெச்சு, ஜன்னல் திரையில முழுக்க மேகத்தைப் போட்டேன். நாலு நிமிஷத்துல விமானம் இடது பக்கம் சாய்ஞ்சு சுழல ஆரம்பிச்சுது. நாற்காலி அசையல, அதனால உடம்புக்கு எதுவும் தெரியல. அவன் முள்ளைப் பார்க்காம மேகத்தையே பார்த்துட்டு இருந்தான். தரையில மோதின அப்புறம், “இன்னொரு தடவை”ன்னு கேட்டான். லைட்டைப் போட வேண்டாம்னும் சொன்னான்.