புத்தகம் கொளுத்தும் விழாவுக்கு வருக வருக!

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம். ஒரு டாஷ்போர்டு வேலை. விளம்பர மெயிலை எத்தனை பேர் திறந்தாங்க, திறந்தவங்கள்ல எத்தனை பேர் சுட்டியைத் தட்டினாங்க, தட்டினவங்கள்ல எத்தனை பேர் பொருளை வாங்கினாங்கன்னு கலர் கலரா வரைஞ்சு காட்டணும். காட்டினேன். மீட்டிங்ல ஒருத்தர் கேட்டார்: "சரிப்பா, இவங்க நம்ம மெயில் பார்த்துதான் வாங்கினாங்கன்னு எப்படிச் சொல்ற? எப்படியும் வாங்கியிருப்பாங்களோ என்னமோ?"

பதில் சொல்லத் தெரியலை. ஆனா அந்த நிமிஷம் எனக்கு டிராய் ஊர் லைப்ரரி ஞாபகம் வந்துச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

டிராய்ன்னா மரக்குதிரைக் கதை டிராய் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட்டுக்கு வடக்கே இருக்கிற புறநகர். கார் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் நம்மாட்கள் நிறையப் பேர் போய் இறங்குற இடம். நானும் ஒன்றரை வருஷம் ஆன்சைட்ல அங்கே இருந்தேன். குளிர்காலத்தில் ரூம்ல தனியா உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காம, பிக் பீவர் ரோட்டில் நகராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பொது நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துக்குவேன். அந்த நூலகத்தை 2011-ல் இழுத்து மூட இருந்தாங்கன்னு அப்போ எனக்குத் தெரியாது.

கதை அதுக்கும் 40 வருஷம் முன்னாடி, 1971-ல் ஆரம்பிக்குது. அந்த வருஷம்தான் டிராய் நூலகத்துக்குப் புதுக் கட்டடம். குழந்தைகள் பிரிவில் மார்கரீட் ஹார்ட்னு ஒரு நூலகர். ஊர்க் குழந்தைகளுக்கு நூலகத்தின் அருமையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாங்கன்னு உலகத்தில் உள்ள பெரிய மனுஷங்களுக்கெல்லாம் தபால் போட்டுட்டாங்க. நம்மூர்ல இப்படி ஒருத்தர் கிளம்பியிருந்தா "உனக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேட்டிருப்போம். ஆனா பதில் வந்துச்சு. 97 கடிதங்கள். நிலவில் கால் வெச்சுட்டு வந்த நீல் ஆம்ஸ்ட்ராங், அறிவியல் கதை மன்னர் ஐசக் அசிமோவ், ஈ.பி.வைட், டாக்டர் சூஸ், ஜனாதிபதி மனைவி பாட் நிக்சன், அப்போ கலிஃபோர்னியா கவர்னரா இருந்த ரொனால்ட் ரீகன்... அசிமோவ் கடிதத்தில் 1971 மார்ச் 16-ன்னு தேதி இருக்கு. நூலகம் வெறும் கட்டடம் இல்லை, அது உங்களை விண்வெளிக்கும் கடந்த காலத்துக்கும் கூட்டிட்டுப் போற வாகனம்ங்கிற மாதிரி குழந்தைகளுக்கு எழுதியிருக்கார். பின்னாளில் இந்தக் கடிதங்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டாங்க. உலகம் பூரா சுத்துச்சு.

தபால்தலைச் செலவில் ஒரு விளம்பரம். பலனை எப்படி அளக்குறது? 97-ங்கிற எண் கையில் இருக்கு. ஆனா அது வந்த பதில்களோட எண்ணிக்கை. அதைப் படிச்சுட்டு எத்தனை பசங்க நூலகத்துக்கு வந்தாங்கங்கிறது வேற கணக்கு.

இப்போ 2008-க்குத் தாவுவோம். பொருளாதாரச் சரிவு, ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 2009-ல் திவால் மனு கொடுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். டிராய்க்கு அடி அதுக்கு முன்னாடியே விழ ஆரம்பிச்சாச்சு. அந்த ஊரில் தலைமையகம் வெச்சிருந்த டெல்ஃபி 2005-லேயே திவால். கேமார்ட், சியர்ஸோட சேர்ந்ததும் மூட்டையைக் கட்டிட்டு இல்லினாய் போயிடுச்சு. வீட்டு விலை சரிஞ்சா சொத்து வரி சரியும், சொத்து வரி சரிஞ்சா நகராட்சி படுக்கும். மிச்சிகனில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1978-ல் ஒரு சட்டத் திருத்தம், 1994-ல் இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்து சொத்து வரி வேகமா ஏறாதபடி மூக்கணாங்கயிறு போட்டு வெச்சிருக்கு. விலை இறங்கினா வரி கூடவே இறங்கிடும். விலை மறுபடி ஏறினா வரி ஆமை மாதிரிதான் ஏறும். புது வரி வேணும்னா ஜனங்ககிட்ட ஓட்டுக் கேட்கணும்.

இந்த இடத்தில் நம்மூரைச் சொல்லணும். எஸ்.ஆர்.ரங்கநாதன் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கில் மன்றாடிக் கிடைச்ச 1948 சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலக வரியைச் சொத்து வரியோடவே கோத்துவிட்டது. இன்னிக்குக் கணக்கு, சொத்து வரியில் 10 சதவீதம். உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. யாரும் நம்மகிட்ட தனியா ஓட்டுக் கேட்கலை. நாமும் அந்தக் காசு எங்கே போகுதுன்னு கேட்கிறதில்லை. டிராய்ல அப்படி இல்லை. நூலகம் வேணுமா வேண்டாமான்னு ஊரே வாக்குச்சாவடியில் சொல்லியாகணும்.

2010 பிப்ரவரியில் நகரச் சேவைகளுக்காக வரியை உயர்த்தக் கேட்டாங்க. தோல்வி. அதே வருஷம் நவம்பரில் நூலகத்துக்குன்னே ஓட்டு. அதுலயும் குழப்படி. ஒரே சீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நூலக வரித் தீர்மானங்கள்! எதுக்கு 'ஆம்' போடுறது, எதுக்கு 'இல்லை' போடுறதுன்னு ஆதரவாளர்களே குழம்பிட்டாங்க. எல்லாமே தோத்துச்சு. நூலகத்தை மூடத் தேதி குறிச்சு, அதைத் தள்ளி வெச்சு, கடைசி வாய்ப்பா 2011 ஆகஸ்ட் 2-ன்னு ஒரு வாக்கெடுப்பு வெச்சாங்க. கேட்டது 0.7 மில். மில்ங்கிறது வரிக்கான மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். அதாவது வரிக்கான மதிப்பு ஒரு லட்சம் டாலரா இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 70 டாலர். குடும்பத்தோட ஒருநாள் வெளியே சாப்பிடப் போனா ஆகுற காசு. ஆனா எதிர்ப்புக் கோஷ்டி புத்தகத்தைப் பத்திப் பேசவே இல்லை. வரி, வரி, வரி. அவ்வளவுதான். அந்தப் பேச்சில் நூலகம்ங்கிற சொல்லே காணாமப் போயிடுச்சு.

அப்போதான் ஊர்ல ஒரு அட்டை முளைச்சது. 'ஆகஸ்ட் 2-ல் டிராய் நூலகத்தை மூட ஓட்டுப் போடுங்கள், ஆகஸ்ட் 5-ல் புத்தகம் கொளுத்தும் விழா'ன்னு அர்த்தம் வர்ற வாசகம். வீட்டு வாசல் புல்வெளியில் நட்டு வைக்கிற அட்டைகள். கூடவே ஒரு ஃபேஸ்புக் பக்கம். நடத்துறது யாருன்னா, 'அமெரிக்கக் குடும்பங்களைக் காப்போம்'ங்கிற பொருளில் ஒரு புது அமைப்பு.

ஊர் கொதிச்சுப் போச்சு. ஃபேஸ்புக்ல வந்து திட்டித் தீர்த்தாங்க. செய்தித்தாள், டிவி, அப்புறம் வெளிநாட்டு ஊடகம் வரைக்கும் போச்சு. அமெரிக்கர்களுக்குப் புத்தக எரிப்புன்னா 1933 பெர்லின்.

நமக்கு? எனக்கு இதை முதல் தடவை படிச்சப்போ சிரிப்பு வரலை. டிராய் குழந்தைகளுக்கு 97 கடிதம் வந்து பத்து வருஷம் கழிச்சு, 1981 மே 31 ராத்திரி, யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிஞ்சது. சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட. அதில் பலதுக்கு வேற பிரதியே கிடையாது. எண் பொருத்தம் தற்செயல்தான். ஆனா படிச்சப்போ உடம்பு சிலிர்த்துச்சு. புத்தகம் கொளுத்துறதை அட்டையில் எழுதி விளையாடணும்னா, நிஜமாவே எரிஞ்சதைப் பார்க்காத ஊராத்தான் இருக்கணும்.

விளையாட்டுதான். வாக்கெடுப்புக்கு முன்னாடியே குட்டு உடைஞ்சது. அதாவது அவங்களே உடைச்சாங்க. விழாவும் இல்லை, கொளுத்தலும் இல்லை. நூலகத்துக்கு எதிரா ஓட்டுப் போடுறது புத்தகத்தைக் கொளுத்துறதுக்குச் சமம், அதைச் சொல்லத்தான் இத்தனையும் பண்ணோம்னு அறிவிச்சாங்க. பின்னாடி இருந்தது லியோ பர்னெட் விளம்பர நிறுவனத்தின் டெட்ராய்ட் கிளை. ஊர்ப் பேச்சை வரியிலிருந்து புத்தகத்துக்கு மாத்துறது அவங்க திட்டம். மாத்திட்டாங்க.

ஆகஸ்ட் 2 முடிவு: ஆதரவு 58 சதவீதம், எதிர்ப்பு 42. நூலகம் பிழைச்சது.

இனிமேதான் என் ஆபீஸ் மேட்டர் வருது. இந்த விளம்பரம் எஃபி விருது வாங்குச்சு. எஃபின்னா 1968-லிருந்து விளம்பரத் துறையில் கொடுக்கிற விருது. அழகா எடுத்தியாங்கிறதை விட, வேலை செஞ்சுதாங்கிறதைத்தான் பார்ப்பாங்க. அந்த நிறுவனம் வெளியிட்ட வீடியோவில், எதிர்பார்த்ததை விட 342 சதவீதம் அதிகமா ஓட்டு விழுந்துச்சுன்னு ஒரு வரி வரும். நம்ம புத்தி சும்மா இருக்குமா? எதிர்பார்த்தது யாரு? எதை வெச்சு எதிர்பார்த்தாங்க? ஆகஸ்ட் மாசம், வேற பெரிய தேர்தல் எதுவும் இல்லாத நாள். அன்னிக்கு வழக்கமா ஈ ஓட்டுவாங்க. அந்தச் சின்ன எண்ணை அடியில் வெச்சா எந்த உயரமும் எவரெஸ்ட் மாதிரிதான் தெரியும். நானும் டாஷ்போர்டில் இதே தில்லாலங்கடி பண்ணியிருக்கேன், அதனால வாசனை தெரியும் :-)

இன்னும் இருக்கு. 2010 நவம்பருக்கும் 2011 ஆகஸ்டுக்கும் நடுவில் எது எது மாறுச்சு? குழப்பின பல தீர்மானம் போய் ஒரே தீர்மானம் ஆச்சு. 'இதுதான் கடைசி, இல்லைன்னா பூட்டு'ங்கிற பயம் வந்துச்சு. நவம்பர் 2010 கவர்னர் தேர்தலோட சேர்ந்து வந்தது, கூட்டம் வேற. ஆகஸ்டில் நூலகத்துக்காகன்னே கிளம்பி வந்தவங்கதான் வந்தாங்க. அப்புறம், எந்த விருதும் வாங்காம வீடு வீடா ஏறி இறங்கி ஆதரவு திரட்டின உள்ளூர் ஆட்கள். இவங்களுக்கு எத்தனை சதவீதம், அட்டைக்கு எத்தனை சதவீதம்? எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு ஒரு மெயில், மீதிப் பேருக்கு மெயிலே இல்லைன்னு பிரிச்சு ஒப்பிட்டுப் பார்ப்போம். டிராயை ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதிக்கு மட்டும் கோபம் வர வைக்க முடியாதே. இருந்தது ஒரே ஊர், ஒரே தேர்தல். விளம்பரத்தால் ஒண்ணும் நடக்கலைன்னு நான் சொல்லலை. ஊரே பேசுச்சு, அது உண்மை. அந்தப் பேச்சில் எத்தனை ஓட்டா மாறுச்சுன்னு யாராலும் சொல்ல முடியாதுங்கிறேன்.

பொய் சொல்லி நல்லது பண்ணலாமான்னு ஒரு கேள்வியும் இருக்கு. எனக்கு இதில் ரெண்டு மனசு. அன்னிக்கு அந்தப் பக்கத்தில் போய்க் கோபமா எழுதின ஒரு டிராய்வாசியை நினைச்சுப் பார்க்குறேன். அவர் நிஜமாவே துடிச்சிருக்கார். அந்தத் துடிப்பைத்தான் 'இத்தனை பின்னூட்டம்'னு எண்ணிக்கையா ஸ்லைடில் ஏத்தியிருப்பாங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க ஊர் கிளை நூலகத்தில் வாசல்ல ஒரு மேஜை, மேஜை மேல ஒரு நீளமான நோட்டு, அதில் நூல் கட்டித் தொங்குற ஒரு பேனா. வர்றவங்க பேர் எழுதிக் கையெழுத்துப் போடணும். நாங்க ஆறாங்கிளாஸ் பசங்க, வெயிலுக்கு ஃபேன் காத்து வாங்கத்தான் உள்ளே போவோம். நூலகர் அண்ணன் விரட்டவே மாட்டார். "படிக்கிறீங்களோ இல்லையோ, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கடா தம்பிகளா. மேல கணக்குதான் கேட்கிறாங்க" என்பார். நாங்களும் போடுவோம். ரஜினி, விஜய், சச்சின்னெல்லாம் எழுதிட்டு ஓடுவோம். அவர் பொறுமையா அதை அடிச்சுட்டு எங்க நிஜப் பேரை எழுதுவார். வந்தவன் வந்தவன்தான், ஆனா சச்சின் வரலையே! அப்படிக் காத்து வாங்கப் போய், ஒருநாள் மழைக்கு ஒதுங்கின நேரத்தில்தான் கைக்குக் கிடைச்ச ஒரு துப்பறியும் நாவலை முழுசாப் படிச்சேன். நோட்டில் அன்னிக்கும் ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கும்.

டிராய்ல நோட்டு கிடையாது. வாசல்ல ஒரு சென்சார். பொதுவா இந்த மாதிரி சென்சார் உள்ளே போறதை ஒண்ணு, வெளியே வர்றதை ஒண்ணுன்னு எண்ணும். சாயந்திரம் ரெண்டால வகுத்துக்குவாங்க. ஒரு ஜனவரி மாசம், வெளியே பனி கொட்டுது. பிள்ளை வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்த ஒரு நம்மூர் அம்மா, சேலை மேல பெரிய கோட்டு, காலில் மருமகளோட பூட்ஸ், ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைகள் படப்புத்தகம் ஒண்ணைப் புரட்டிட்டு இருந்தாங்க. பார்த்ததும் சிரிச்சாங்க. "இங்கிலீஷ் வராது தம்பி. பேரன் கதை கேட்கிறான், படத்தைப் பார்த்து நானா ஒண்ணு சொல்லிக்குவேன். வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிடுறாங்க, இங்கே வந்தா நாலு முகமாவது பார்க்கலாம்" என்றார்கள். அவங்ககிட்ட கார்டு இல்லை, புத்தகம் எடுத்துட்டுப் போகலை. மகன் வந்து கூட்டிட்டுப் போகும்போது சென்சார் அவங்களை இன்னொரு தடவை எண்ணியிருக்கும்.

டிஸ்கி: இந்தத் தலைப்பை வைக்கலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். யாழ்ப்பாணத்துப் பதிவர்கள் யாராவது இதைப் பார்த்ததும் மனசு சுருங்கியிருந்தா மன்னிச்சுக்குங்க. மாத்தலாமான்னு இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்கேன்.