கியர்பாக்ஸ் ஆயிலும் திமிங்கிலமும்

போன வாரம் காருக்கு அடியில படுத்து நானே ஆயில் மாத்தினேன் மக்களே. ஆட்டோமேட்டிக் வண்டி, டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் லெவல் பிளக்கைத் திறக்கணும். நூல் மாதிரி வழிஞ்சா அளவு சரி. சூட்டில் ஆயில் விரியும், அதான் இந்தக் கூத்து.

சரி, வரலாற்றுக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஹைட்ராமேட்டிக்கைக் கொண்டுவந்தது. 1949-ல் அதற்கான ஆயிலுக்கு 'டைப் ஏ' என்று தரம் வகுத்தது. கிளட்ச் உதறாமல் பிடிக்க அந்தக்கால ஆயில்களில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் கலந்தாங்க! 1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் மாற்று வேதிப்பொருட்கள் வந்தன.

வடிச்ச பழைய ஆயில் கேன்ல இருக்கு. சாக்கடையில ஊத்த மனசு வரலை :-)