நவம்பர் 28: லண்டனில் ஒரு விலகல், சிங்கப்பூரில் ஒரு பதவியேற்பு

1990ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் தேதி, புதன்கிழமை. பதினொன்றரை ஆண்டுகள் பிரிட்டனை ஆண்ட திருமதி மார்கரெட் தாட்சர், டவுனிங் ஸ்திரீட் 10ஆம் எண் இல்லத்திலிருந்து அன்று வெளியேறினார். காருக்குள் கலங்கிய கண்களுடன் அவர் அமர்ந்திருந்த படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதே தேதியில் சிங்கப்பூரின் நகர மண்டபத்தில் திரு கோ சோக் தோங் நாட்டின் இரண்டாவது பிரதமராகப் பதவியேற்றார். 1959 ஜூன் முதல் 31 ஆண்டுகள் பிரதமராக இருந்த திரு லீ குவான் இயூ மூத்த அமைச்சரானார்.

ஒரே நாளில் இரண்டு நாடுகளில் பிரதமர் மாறியது தற்செயல்தான். ஆனால் சிங்கப்பூரின் நாடாளுமன்ற முறை பிரிட்டனிடமிருந்து வந்தது. இரண்டு இடங்களிலும் பொதுத் தேர்தல் நடக்காமலேயே நாட்டின் தலைமை கைமாறியது. கட்சிக்குள் முடிவான விஷயத்தைப் பொதுமக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அதற்கான பதில் இரு நாடுகளிலும் யாரும் எதிர்பாராத விதமாக அமைந்தது.

முதலில் லண்டன். திருமதி தாட்சர் 1979, 1983, 1987 என்று மூன்று பொதுத் தேர்தல்களில் வென்றவர். அவரை வீழ்த்தியதில் பெரும் பங்கு ‘தலைவரி’க்கு உண்டு. வீட்டின் மதிப்பைப் பாராமல் பெரியவர்கள் எல்லாரிடமும் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் உள்ளூராட்சி வரி அது. மாளிகையில் வசிக்கும் பிரபுவுக்கும் அவர் வீட்டுத் தோட்டக்காரருக்கும் ஒரே வரி என்றால் யார் பொறுப்பார்கள்? 1989இல் ஸ்காட்லாந்தில் தொடங்கி, மறு ஆண்டு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அது வந்தது. 1990 மார்ச் 31ஆம் தேதி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் திரண்ட பெருங்கூட்டம் கலவரத்தில் முடிந்தது. அக்டோபரில் ஈஸ்ட்போர்ன் இடைத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி தன் கோட்டையைப் பறிகொடுத்தது. அடுத்த பொதுத் தேர்தலில் தங்கள் இடம் தப்புமா என்று அக்கட்சி உறுப்பினர்கள் கணக்குப் போடத் தொடங்கினார்கள்.

நவம்பர் முதல் தேதி துணைப் பிரதமர் சர் ஜெஃப்ரி ஹவ் பதவி விலகினார். 1979ஆம் ஆண்டின் முதல் அமைச்சரவையில் திருமதி தாட்சருடன் இருந்தவர்களில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. பன்னிரண்டு நாள் கழித்து நாடாளுமன்றத்தில் அவர் குரலை உயர்த்தாமல் பேசிய பேச்சு, தலைவியின் ஐரோப்பியக் கொள்கையைக் கிழித்தெறிந்தது. ஓராண்டுக்கு முன்புதான் அந்த அவைக்குள் தொலைக்காட்சிக் கேமராக்களை அனுமதித்திருந்தார்கள். ஆகவே நாடே அதைப் பார்த்தது. மறுநாள் திரு மைக்கேல் ஹெசல்டைன் தலைமைப் பதவிக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார்.

கட்சியின் விதி விசித்திரமானது. 372 உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வாக்குப் பெற்றால் போதாது. அடுத்தவரைவிட 15 விழுக்காடு, அதாவது 56 வாக்குகள், கூடுதலாகவும் பெற வேண்டும். நவம்பர் 20ஆம் தேதி திருமதி தாட்சருக்கு 204, திரு ஹெசல்டைனுக்கு 152. வித்தியாசம் 52. எதிரணியில் இரண்டே பேர் மனம் மாறியிருந்தால் அவர் தப்பியிருப்பார்! அப்போது அவர் பாரிஸில் உச்சநிலை மாநாட்டில் இருந்தார். நாடு திரும்பியதும் அமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, இனி வெல்ல முடியாது என்றார்கள். 22ஆம் தேதி காலை விலகல் அறிவிப்பு வந்தது. 1975இல் திரு எட்வர்ட் ஹீத்தை இதே போன்ற வாக்கெடுப்பில் வீழ்த்தித்தான் அவர் தலைவியானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

27ஆம் தேதி நடந்த அடுத்த வாக்கெடுப்பில் திரு ஜான் மேஜர் 185 வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். பதினாறு வயதில் பள்ளியை விட்டவர். பிரிக்ஸ்டனின் வாடகை அறைகளில் வளர்ந்தவர். வெளியே தெருவில் சிலர் கொண்டாடினார்கள், சிலர் கண்ணீர் விட்டார்கள். தொழிற்கட்சித் தலைவர் திரு நீல் கின்னக் பொதுத் தேர்தல் வேண்டும் என்றார். ஆனால் கருத்துக் கணிப்புகள் ஒரே வாரத்தில் தலைகீழாயின. பல மாதங்களாகப் பின்தங்கியிருந்த ஆளும் கட்சி முந்திச் சென்றது. கட்சி அதேதான், பெரும்பாலான அமைச்சர்களும் அதே ஆட்கள்தான். முகம் மாறியதையே ஆட்சி மாற்றமாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள். தலைவரியைக் கைவிடுவதாக 1991 மார்ச்சில் புதிய அரசு அறிவித்ததும் அந்த எண்ணம் வலுப்பட்டது.

சிங்கப்பூரில் நடந்தது வேறு கதை. இங்கே திடீர் என்பதற்கே இடமில்லை. 1984 இறுதியிலேயே இரண்டாம் தலைமுறை அமைச்சர்கள் கூடித் திரு கோவைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முதல் துணைப் பிரதமராகக் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் அவர் காத்திருந்தார். தம்முடைய முதல் தேர்வு திரு டோனி டான்தான் என்று 1988 தேசிய தினக் கூட்டத்தில் திரு லீ வெளிப்படையாகவே சொன்னார். சவக்குழியில் இறக்கப்படும்போதுகூட நாடு தவறான வழியில் போவதாகத் தோன்றினால் எழுந்து வருவேன் என்ற பொருளில் அவர் பேசியதும் அதே கூட்டத்தில்தான். பதவியேற்ற நாளில் திரு லீ சியன் லூங் இரு துணைப் பிரதமர்களில் ஒருவரானார். மகன் வரும்வரை நாற்காலியைச் சூடாக வைத்திருக்கவே திரு கோ வந்திருக்கிறார் என்ற பேச்சு காப்பிக்கடைகளில் உலவியது ரகசியமல்ல.

அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் சுவா சூ காங் வரை பெருவிரைவு ரயில் வந்திருந்தது. ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து புக்கிட் பாத்தோக், புக்கிட் கோம்பாக் வழியாக வந்து அங்கே முடிந்தது பாதை. ஒரு காலத்தில் மிளகும் காசுக்கட்டியும் விளைந்த தோட்டங்கள், பிறகு பன்றி, கோழிப் பண்ணைகள், காய்கறித் தோட்டங்கள் என்று இருந்த வட்டாரம் அடுக்குமாடி வீடுகளாக மாறிக்கொண்டிருந்தது. கம்பத்திலிருந்து எழும்பிவந்த குடும்பங்களுக்கு வீட்டுக் கடனும் கட்டணங்களும் புதிய பாரம். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பிரதமர் திரு லீ. 30 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் வேறொருவரின் ஆட்சியில் வாழ்ந்ததே இல்லை.

தேக்காவில் அம்மாதம் தமிழ்ச் செய்தித்தாள் வாங்கியவர்களுக்கோ மூன்றாவதாக ஒரு பிரதமர் மாற்றமும் இருந்தது. நவம்பர் 7ஆம் தேதி இந்திய மக்களவையில் திரு வி.பி. சிங் தோற்றார், 10ஆம் தேதி திரு சந்திரசேகர் பிரதமரானார். மறு ஆண்டு ஜனவரி இறுதியில் தமிழகத்தில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. மார்ச்சில் திரு சந்திரசேகரும் விலகினார். கட்சி உடைந்து தலைமை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனைவிட டெல்லியே இங்குள்ள தமிழருக்கு நெருக்கமான உதாரணம். ஆறு ஆண்டு ஒத்திகை பார்த்த சிங்கப்பூர் மாற்றம் அவர்களில் பலருக்கு நிம்மதியாகவே பட்டிருக்கும். புதிய அமைச்சரவையில் திரு சு. தனபாலனும் திரு எஸ். ஜெயகுமாரும் இருந்தார்கள். இந்திய சமூகத்தின் கல்வி நிலையை உயர்த்த 1991இல் சிண்டா அமைந்தது.

திரு கோ கலந்தாலோசித்து ஆள்பவர் என்ற பெயரை விரும்பினார். திரைப்படத் தணிக்கைகூட 1991 ஜூலையில் தளர்ந்தது. பெரியவர்களுக்கு மட்டுமான படங்கள் வட்டாரத் திரையரங்குகளில் ஓடத் தொடங்கவே, பிள்ளைகளைப் பெற்றவர்கள் முகம் சுளித்தார்கள். மக்கள் தமக்கென ஓர் ஆணையைத் தர வேண்டும் என்று கேட்டு, பதவிக்கு வந்த ஒன்பது மாதத்தில், 1991 ஆகஸ்ட் 31ஆம் தேதி அவர் பொதுத் தேர்தல் நடத்தினார். பாட்டாளிக் கட்சியின் திரு ஜே.பி. ஜெயரத்னத்துக்கு விதிக்கப்பட்டிருந்த ஐந்தாண்டுத் தடை அவ்வாண்டு நவம்பரில்தான் முடிய இருந்தது. அதற்குள் தேர்தலா என்ற கேள்வி எழுந்தது. பின்னர் இடைத்தேர்தல் நடத்துவதாகத் திரு கோ உறுதியளித்தார்.

எதிர்க்கட்சிகள் 81 இடங்களில் 40இல் மட்டுமே போட்டியிட்டன. திரு சியாம் சீ தோங் வகுத்த உத்தி அது. வேட்புமனு நாளன்றே ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்துவிட்டதால், அரசு கவிழுமோ என்ற பயமின்றி மக்கள் மனத்தில் உள்ளதைச் சொல்லலாம் என்றாயிற்று. சொன்னார்கள். மக்கள் செயல் கட்சியின் வாக்கு 63 விழுக்காட்டிலிருந்து 61க்கு இறங்கியது. பொத்தோங் பாசிர், ஹவ்காங், நீ சூன் சென்ட்ரல், புக்கிட் கோம்பாக் ஆகிய நான்கு இடங்கள் எதிர்க்கட்சிகளுக்குப் போயின. சுவா சூ காங் ஆளும் கட்சியிடமே இருந்தது. ஆனால் ரயிலில் அடுத்த நிலையமான புக்கிட் கோம்பாக்கில் தற்காலிக அமைச்சர் டாக்டர் சீட் ஐ மீ சில நூறு வாக்குகளில் தோற்றார். விகிதத்தைப் பார்த்தால் பெரிய சரிவல்ல. ஆனால் புதிய பிரதமர் ஆணை கேட்டுப் போன இடத்தில் கிடைத்த அடி என்பதால் வலித்தது. ஹவ்காங்கில் திரு லோ தியா கியாங் தியோச்சியூ மொழியில் பேசி வென்றார். ஆங்கிலம் பேசும் வட்டாரத்தின் தாராளப் போக்கு, சீனம் பேசும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அன்றாடக் கவலையைத் தொடவில்லை என்பதே அன்றைய பரவலான விளக்கம். படத் தணிக்கையும் விரைவில் மீண்டும் இறுகியது.

பிரிட்டனிலோ திரு மேஜர் அவசரப்படவில்லை. பதினாறு மாதத்துக்கு மேல் காத்திருந்து 1992 ஏப்ரல் 9ஆம் தேதி தேர்தலைச் சந்தித்தார். கணிப்புகளை எல்லாம் பொய்யாக்கி, 1 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்று 21 இடப் பெரும்பான்மையுடன் வென்றார். திட்டமிட்டுக் கைமாறிய இடத்தில் மக்கள் தண்டித்தார்கள். குத்தும் வெட்டுமாகக் கைமாறிய இடத்தில் பரிசளித்தார்கள் என்று இதைச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். பிரிட்டிஷ் மக்களுக்குத் தூக்கி எறிய ஒரு தலைவரியும் ஒரு தலைவியும் இருந்தார்கள். இரண்டும் போனதும் கோபம் தணிந்தது. சிங்கப்பூரில் பழைய தலைவர் அமைச்சரவையிலேயே இருந்தார். 1992 இறுதிவரை கட்சியின் தலைமைச் செயலாளரும் அவரே. எது மாறியது என்று வாக்காளர் கேட்டால் சுட்டிக்காட்ட அதிகமில்லை.

வாக்குறுதிப்படி இடைத்தேர்தலுக்குத் திரு கோ தம் சொந்த மரின் பரேட் குழுத்தொகுதியையே திறந்துவிட்டார். 1992 டிசம்பர் 19ஆம் தேதி அங்கே ஏறத்தாழ 73 விழுக்காடு வாக்குடன் வென்றார். பாட்டாளிக் கட்சி வேட்பாளர்களில் ஒருவர் மனுத் தாக்கல் நாளில் வராமற்போனதால் திரு ஜெயரத்னம் களத்திலேயே இல்லை. லண்டனில் அதற்கு மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 16ஆம் தேதி, பவுண்டு நாணயம் ஐரோப்பிய மாற்று விகித முறையிலிருந்து சரிந்து வெளியேறியிருந்தது. திரு மேஜரின் பெயர் அதிலிருந்து மீளவே இல்லை.

1997 ஜனவரி 2ஆம் தேதி சிங்கப்பூரில் தேர்தல். அடுக்குமாடி வீடுகளை மேம்படுத்தும் பணியில், ஆதரித்து வாக்களித்த தொகுதிகளுக்கே முன்னுரிமை என்று திரு கோ பிரசாரத்தில் சொல்லியிருந்தார். புக்கிட் கோம்பாக்கும் நீ சூன் சென்ட்ரலும் ஆளும் கட்சிக்குத் திரும்பின; வாக்கு விகிதம் 65ஐத் தொட்டது. நான்கு மாதம் கழித்து, மே முதல் தேதி, பிரிட்டிஷ் வாக்காளர்கள் திரு மேஜரின் கட்சியை 165 இடங்களோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.