யானைக்கவுனி பாலமும் நாற்பது எம்.பி. டிஸ்க்கும்

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்து, "இந்த வருஷ மலருக்கு வரலாற்றுக் கட்டுரை நீதான் எழுதணும்" என்றார். "நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவன், எனக்கு என்னப்பா வரலாறு தெரியும்?" என்றேன். "அந்த வரலாற்றையே எழுது" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

ஆகவே நண்பர்களே, மன்னர்களும் போர்களும் இல்லாத ஒரு வரலாறு இது. கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பிப்பதும், ஹார்ட் டிஸ்க்கை வேகமாக ஓட வைப்பதும் என் காலத்தில் எப்படி இருந்தன என்று சொல்லப் போகிறேன். உங்களில் சிலரிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றும் பாக்கி இருக்கிறது. அதுவும் இந்த வரலாற்றோடு சேர்ந்ததே.

மூர் மார்க்கெட் இருந்த இடத்தில்

நான் பிறந்து வளர்ந்தது யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல். பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியபோது வைத்த வாசல்களில் ஒன்று. சுவரும் போய்விட்டது, வாசலும் போய்விட்டது. சுவருக்காகப் பேசப்பட்ட வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடாக நிற்கிறது. எங்களுக்கு யானைக்கவுனி என்றால் பாலம்தான். சென்ட்ரலுக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவே தண்டவாளங்களுக்கு மேலே போகிற பாலம். கல்லூரி நாட்களில் அதன் மேல் நின்றபடி, கீழே போகும் ரயில்களைப் பார்த்துக்கொண்டே பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம்.

வால்டாக்ஸ் ரோடு வழியாகக் கொஞ்ச தூரம் நடந்தால் சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட். பழைய புத்தகத்துக்கு நாம் எல்லோரும் அங்கேதான் போவோம். 1985 மே மாதம் அது எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வேயின் மூர் மார்க்கெட் வளாகம் எழுந்தது. புறநகர் ரயில்கள் ஒரு பக்கம், டிக்கெட் முன்பதிவு மையம் ஒரு பக்கம்.

கம்ப்யூட்டர் முன்பதிவு டெல்லியில் 1985-86-இல் தொடங்கி, 1987-இல் சென்னைக்கு வந்தது. சி.எம்.சி. நிறுவனம் எழுதிய அந்த மென்பொருளுக்கு 'இம்ப்ரெஸ்' என்று பெயர். ஓடியது 'வேக்ஸ்' என்ற இயந்திரத்தில். அதன் ஆபரேட்டிங் சிஸ்டம் வி.எம்.எஸ். அதற்கு முன்பு ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு லெட்ஜர். எந்த ரயிலோ அதற்குரிய கவுண்டரில்தான் வரிசையில் நிற்க வேண்டும். தவறான வரிசையில் நின்றிருந்தால், "போப்பா, அடுத்த லைன்" என்பார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று வடசென்னைக்காரர்களில் பலருக்கு முதலில் புரிய வைத்தது இந்த ஹால்தான் என்பேன்.

அந்த இயந்திரங்களை நான் கண்ணாலும் பார்த்ததில்லை. என் தொழில் அவற்றின் ஏழைத் தம்பிகளோடு.

ராட்டினக் கணக்கு

ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.சி. எக்ஸ்.டி. 1983-இல் 10 எம்.பி. டிஸ்க்கோடு வந்தது. பிறகு சீகேட் எஸ்.டி. 225 என்ற 20 எம்.பி. டிஸ்க் உலகமெங்கும் பரவியது. சவுகார்பேட்டைக் கடைகளில் நான் கணக்குப் போட்டுக் கொடுத்த மெஷின்களில் பெரும்பாலும் அதுதான். அணைப்பதற்கு முன் 'பார்க்' என்று கட்டளை கொடுத்து அதன் தலையை ஓரமாக நிறுத்த வேண்டும். மறந்துவிட்டு மெஷினைத் தூக்கி நகர்த்தினால் தட்டில் கீறல்.

இந்த டிஸ்க்கை வேகப்படுத்துவது எப்படி? திருவிழா ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 17 இருக்கைகள். கீழே ஒருவர் நின்றுகொண்டு ஒன்றாம் நம்பர் இருக்கைக்காரரிடம் காசு வாங்குகிறார். வாங்கிப் பையில் போட்டு நிமிர்வதற்குள் இரண்டாம் நம்பர் இருக்கை தாண்டிவிடும். அது மறுபடி வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். இப்படியே போனால் 17 பேரிடம் காசு வாங்க 17 சுற்று. அதற்குப் பதிலாக இருக்கைகளுக்கு நம்பரை மாற்றி எழுதிவிட்டால்? ஒன்றாம் நம்பரிலிருந்து ஆறாவது தள்ளி இருக்கும் இருக்கைக்கு இரண்டு, அங்கிருந்து ஆறு தள்ளி மூன்று என்று போட்டால், அவர் நிமிரும்போது சரியான இருக்கை எதிரே இருக்கும். 6 சுற்றில் வேலை முடிந்துவிடும்.

இதற்குப் பெயர் 'இன்டர்லீவ்'. எஸ்.டி. 225 நிமிஷத்துக்கு 3600 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 17 மில்லி செகண்டு. ஒரு வளையத்தில் 17 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். ஒன்றுக்கு ஒன்று என்று அடுத்தடுத்து எழுதிவிட்டு மெதுவான கன்ட்ரோலரை மாட்டினால், ஒரு வளையத்தைப் படிக்க 283 மில்லி செகண்டு ஆகும். ஆறுக்கு ஒன்று என்று மாற்றினால் 100 தான். டிஸ்க் அதே டிஸ்க், மோட்டாரும் அதே மோட்டார். வேகம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கன்ட்ரோலர் வேகமானதாக இருந்தால் மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று இன்னும் நெருக்கலாம். அந்த மெஷினுக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதில்தான் தொழில் இருந்தது.

'டீபக்' போட்டு 'ஜி=சி800:5' என்று அடித்தால் டிஸ்க்கை அடியிலிருந்து புதிதாக ஃபார்மெட் செய்யும் வசதி வரும். அங்கேதான் இன்டர்லீவ் நம்பர் கொடுப்போம். ஆனால் டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். கடைக்காரர் பக்கத்தில் நின்றபடி, "தம்பி, என் லெட்ஜரெல்லாம் பத்திரம்தானே?" என்பார். பிளாப்பியில் எடுத்து வைத்த காப்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "பத்திரம் சேட்" என்பேன். பிறகு ஸ்டீவ் கிப்சன் எழுதிய 'ஸ்பின்ரைட்' வந்தது. தகவலை அழிக்காமலே இன்டர்லீவை மாற்றியது. அதைப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இன்னும் தீரவில்லை.

கடன் வாங்கிய வேகம்

இன்டர்லீவில் கிடைத்த வேகம் உழைத்துச் சம்பாதித்தது. அதற்குப் பிறகு வந்ததில் பாதி கடன்.

1993-இல் எம்.எஸ். டாஸ் 6.0 வந்தது. கையில் 5.0 இருந்தவர்கள் எல்லோரும் மாற்றத் துடித்தார்கள். இரண்டு காரணங்கள். ஒன்று 'டபுள் ஸ்பேஸ்'. டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் சுருக்கி ஒரே பெரிய ஃபைலுக்குள் அடக்கி வைக்கும். 40 எம்.பி. டிஸ்க் 80 எம்.பி. என்று காட்டும். புது டிஸ்க் வாங்க வசதியில்லாதவர்களுக்கு அது வரப்பிரசாதம். இன்னொன்று 'ஸ்மார்ட் டிரைவ்'. டிஸ்க்குக்குப் போக வேண்டியதை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதியாச்சு" என்று உடனே சொல்லிவிடும். நிஜமாக எழுதுவது சில விநாடிகள் கழித்து.

இதில் உள்ள ஆபத்து உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். அந்தச் சில விநாடிக்குள் கரண்ட் போனால்? எங்கள் ஏரியாவில் கரண்ட் சொல்லிவிட்டா போகும்?

அப்போது நம் வகுப்புத் தோழர்களின் முதல் சந்திப்புக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. முகவரிகள் சேகரிக்கும் பொறுப்பு என்னிடம். கடிதம் போட்டும், வீடு வீடாக அலைந்தும் சேர்த்த முகவரிகளை என் 40 எம்.பி. மெஷினில் டிபேஸில் ஏற்றினேன். இடம் போதவில்லை என்று 6.0-வுக்கு மாறி டபுள் ஸ்பேஸும் போட்டேன். நண்பன் வந்து, "எல்லாப் பேரும் ஏத்திட்டியாடா? பிளாப்பில ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோ" என்றான். "நாளைக்கு எடுத்துக்கலாம்டா. பார், எவ்ளோ ஸ்பீடா சேவ் ஆவுது" என்று பெருமையடித்தேன்.

அன்று ராத்திரி பட்டியலை அகரவரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது டபுள் ஸ்பேஸின் அந்த ஒரே பெரிய ஃபைல் உடைந்திருந்தது. ஒரு ஃபைல் உடைந்தால் உள்ளே இருந்த எல்லாமே போயிற்று. விடிய விடிய என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

பிறகு தெரிந்துகொண்டது: அந்த 1993 நவம்பரிலேயே வந்த 6.2-இல், தள்ளி எழுதும் வழக்கத்தை அவர்களே திருத்திவிட்டார்கள். எழுதி முடித்த பிறகுதான் கட்டளைக்கான இடம் திரும்ப வரும். டபுள் ஸ்பேஸுக்கு வேறு விதமாக முடிவு வந்தது. ஸ்டாக் என்ற நிறுவனம் தங்கள் காப்புரிமையை மீறிவிட்டதாக வழக்குப் போட்டு, 1994-இல் ஜூரி 12 கோடி டாலர் தரச் சொன்னது. 6.21-இல் அந்த வசதியையே எடுத்துவிட்டு, 6.22-இல் 'டிரைவ் ஸ்பேஸ்' என்று வேறு விதமாகக் கொண்டுவந்தார்கள்.

பதின்மூன்று பிளாப்பி

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95. மேம்படுத்தும் பதிப்பு 13 பிளாப்பிகளில் வந்தது. பன்னிரண்டாவதில் 'படிக்க முடியவில்லை' என்று வந்தால் நெஞ்சே நின்றுவிடும். டிஸ்க்குகள் ஜி.பி. கணக்கில் பெருத்தன. ஆனால் பழைய ஃபேட் 16 முறையில், 1 ஜி.பி.க்கு மேற்பட்ட பகுதியில் ஒரே ஓர் எழுத்தைச் சேமித்தாலும் 32 கே.பி. இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு பயணிக்கு ஒரு பெட்டியையே ஒதுக்கின மாதிரி. 1996-இல் ஃபேட் 32 வந்து அதை 4 கே.பி. ஆக்கியது. இப்போதைய எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, தேடும் தலையும் இல்லை. இன்டர்லீவும் டிஃப்ராகும் அங்கே வேலையற்றுப் போயின. அழித்த இடம் எது என்று டிஸ்க்குக்குச் சொல்லும் 'ட்ரிம்' விண்டோஸ் 7-இல் 2009-இல் வந்தது, அது போதும். எனக்கும் ரிட்டயர்மென்ட் வந்தது.

பாலத்தை நிறுத்தாமல்

மூர் மார்க்கெட் ஹாலுக்கு மறுபடி வருகிறேன். என் டிஸ்க் உடைந்த நாட்களில் அந்த ஹால் ஒரு நாள்கூட யாருடைய பெர்த்தையும் தொலைத்ததாக எங்கள் தெருவில் நான் கேள்விப்பட்டதில்லை. ஏன் என்று பின்னால் புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

வி.எம்.எஸ்.ஸின் கேஷ் எழுதுவதைத் தள்ளிப்போடுவதில்லை. தகவல் டிஸ்க்கில் விழுந்த பிறகே "முடிந்தது" என்று சொல்லும். 'ஷேடோயிங்' என்று ஒரு வசதி உண்டு. ஒரே தகவலை இரண்டு டிஸ்க்குகளில் எழுதும். படிக்கும்போது எந்த டிஸ்க் சும்மா இருக்கிறதோ அதிலிருந்து படிக்கும். எழுத அதிக வேலை, ஆனால் படிப்பது வேகம், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். பல இயந்திரங்களைச் சேர்த்து ஒரே கூட்டமாக இயக்கவும் முடியும். ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் நிறுத்தி மாற்றி, அது ஓடத் தொடங்கிய பிறகு அடுத்ததை நிறுத்துவார்கள். கவுண்டரில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

அந்த முன்பதிவு மையங்கள் வேக்ஸிலிருந்து ஆல்ஃபா, பிறகு இட்டானியம் என்று இயந்திரம் மாறின. 'கிரிஸ்' என்ற ரயில்வே அமைப்பு எழுதிய 'கான்சர்ட்' இம்ப்ரெஸ்ஸின் இடத்துக்கு வந்து, 1999 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஐந்தும் ஒரே வலையாயின. 2002-இல் இன்டர்நெட் டிக்கெட் வந்தது. இவ்வளவுக்கும் நடுவில் நள்ளிரவை ஒட்டிக் கொஞ்ச நேரம் மட்டும் முன்பதிவை மூடி வைக்கும் பழக்கத்தை அவர்கள் விடவில்லை. அன்றைய கணக்கை முடித்து, மறுநாளுக்குத் தயாராகும் நேரம் அது. அவசரத்தில் இருப்பவர்கள் திட்டத்தான் செய்வார்கள். நான் திட்டுவதில்லை. நண்பன் கேட்ட அந்த ஒரு பிளாப்பி காப்பிக்கு நான் ஒதுக்காத நேரத்தை அவர்கள் தினமும் ஒதுக்குகிறார்கள்.

உங்கள் டிக்கெட்டைப் பாருங்கள். பி.என்.ஆர். நம்பர் 4 அல்லது 5-இல் தொடங்கினால் அது சென்னை மையத்தின் கணக்கு.

யானைக்கவுனி பாலத்தையும் பழுதாகிவிட்டது என்று இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கீழே ரயில் நிற்கக் கூடாது. ஆகவே 'பிளாக்' வாங்கி, கிடைத்த நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்ய வேண்டும். வருஷக்கணக்காகச் சுற்றிப் போன எங்கள் ஏரியாக்காரர்கள் திட்டாத திட்டில்லை. ஆனால் வேறு வழி இல்லை. புதுப்பிப்பது பெரிய விஷயமில்லை. மேலே போகிறவனும் கீழே போகிறவனும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், அதுதான் விஷயம்.

மன்னிப்பு

அந்த முதல் சந்திப்புக்கு அழைப்பு வரவில்லை என்று இன்னும் என்னிடம் கோபமாக இருக்கும் நண்பர்களுக்கு: உங்களை மறக்கவில்லை. உங்கள் முகவரி அந்த டிஸ்க்கில் இருந்தது.

மிச்ச முகவரிகளை எப்படி மீட்டேன் தெரியுமா? நம் சங்கத்தின் பழைய மலர் ஒன்று வீட்டில் பரண் மேல் கிடந்தது. கடைசிப் பக்கங்களில் உறுப்பினர் முகவரிகள் அச்சாகியிருந்தன. அதைப் பார்த்து மறுபடி ஒவ்வொன்றாக ஏற்றினேன். அந்த மலருக்குப் பிறகு வீடு மாறியவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் விட்டுப்போனார்கள். கோபமாக இருப்பவர்கள் அவர்கள்தாம்.

இப்போது நம் பட்டியல் எல்லோருடைய செல்போனிலும் இருக்கிறது. சந்தோஷம். இருந்தாலும் இந்த மலரைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பரண் மேல் ஒரு மூலையில் கிடக்கட்டும். கரண்ட் போனாலும் அதில் எழுதியது அழியாது.

இந்த முறை யாருக்காவது அழைப்பு வராமல் போயிருந்தால், சந்திப்பன்று என் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள். வாசலிலேயே நிற்கிறேன்.